சாவி வாங்கியாச்சு, பத்திரம் எப்போ?



வீடு வாங்கறது எப்படின்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க. நான் பேசப் போறது அதைப் பத்தி இல்லை. அட்வான்ஸ் கொடுத்தாச்சு, கிரயப் பத்திரம் இன்னும் பதிவாகலை, நடுவுல ஒரு இடைவெளி இருக்குமில்லையா, அந்த நாட்களைப் பத்தித்தான் பேசப் போறேன். அந்த நாட்களில் வீட்டுச் சாவி யார் கையில் இருக்கு? அது இருக்கிறதால அவருக்கு என்ன உரிமை வருது? நான் வக்கீல் இல்லைங்க, இதழியல் படிச்சுட்டு செய்தித் துறையில் எழுதுற ஆள். ஆனா இந்தச் சட்டப் பிரிவுகளைப் படிச்சு எளிமையா எழுத உட்கார்ந்தப்ப ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. நம்ம ஊர்ல சாவியை வச்சு நாம போடற கணக்கும், சட்டம் போடற கணக்கும் வேற வேற.

ஒரு குடும்பத்தை நினைச்சுக்குங்க. கணவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், மனைவி செக்கிங். 15 வருஷமா லைன் வீட்டுல வாடகை. அவிநாசி பக்கமோ பல்லடம் பக்கமோ ஒரு வீடு அமையுது. விலை 40 லட்சம். 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாங்க. பேங்க் லோன் பேப்பர் நகர்ந்துட்டு இருக்கு. ஆனி முடியப் போகுது. ஆடி பொறந்துட்டா புது வீட்டுக்குப் போக முடியாது, ஆவணி வரைக்கும் காத்திருக்கணும். பிள்ளைகளுக்கு ஸ்கூலும் திறந்தாச்சு. அப்போ வீட்டுக்காரர் நல்ல மனசோட சொல்றார்: "சாவிய வாங்கிக்க தம்பி. பால் காய்ச்சி குடி வந்துரு. பத்திரம் லோன் வந்ததும் பண்ணிக்கலாம்." இவரும், "சரிங்ணா, உங்க வார்த்தை போதும்"னு வாங்கிக்கறார்.

இங்க யாரும் யாரையும் ஏமாத்தலை. ரெண்டு பேருமே நல்லவங்க. அதனாலதான் இந்த உதாரணத்தை எடுத்தேன். பிரச்சினை வர்றதுக்குக் கெட்ட ஆள் வேணும்னு இல்லை. லோன் கிடைக்காம போகலாம், வீட்டுக்காரர் தவறிப் போய் வாரிசுகள் வரலாம், அவர் தொழிலுக்கு வாங்கின கடனுக்காக கோர்ட் அந்த வீட்டை ஜப்தி செய்யலாம். அப்போ உள்ளே குடியிருக்கிறவர் யார்? சொந்தக்காரரா, வாடகைக்காரரா, விருந்தாளியா?

திருப்பூர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க வெளியில் உதாரணம் தேட வேண்டியதே இல்லைங்க. நிட்டிங் முடிஞ்சு துணி டையிங்குக்குப் போகுது. 500 கிலோ துணி டையிங் பட்டறையில் ஒரு வாரம் கிடக்குது. அது டையிங்காரர் கையில் இருக்கு, ஆனா அவருடையது இல்லை. சாயம் போட்ட கூலி வரும் வரைக்கும் துணியைப் பிடிச்சு வைக்க அவருக்கு உரிமை உண்டு, தூக்கி விற்க உரிமை இல்லை. இது எல்லாமே கூடப் போன அந்த டெலிவரி சலானை வச்சுத்தான் நிற்குது. சலான் இல்லாம 50 கிலோ துணியைக்கூட கேட்டுக்கு வெளியே விட மாட்டோம். 40 லட்சம் ரூபாய் வீட்டுச் சாவியை மட்டும் வாய் வார்த்தையில் கொடுக்கறோம், வாங்கறோம்.

வீட்டுக்கும் அதே கதைதான். கையில் இருப்பது வேற, சொந்தம் என்பது வேற. கையில் இருப்பதைப் பத்திரத்தில் 'சுவாதீனம்' என்று எழுதுவாங்க. விற்பனை ஒப்பந்தம் மட்டுமே சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 54 நேரடியாகவே சொல்கிறது. நாம பேச்சுவழக்கில் 'அக்ரிமெண்ட் போட்டாச்சு, வீடு நம்மளது'ன்னு சொல்றோம். சட்டப்படி அந்த ஒப்பந்தம், 'எனக்கு எழுதிக் கொடுங்க' என்று விற்பவரைக் கேட்கும் உரிமையைத்தான் தருது. 'பவர் வாங்கிட்டேன், அக்ரிமெண்ட் இருக்கு, உயிலும் எழுதி வாங்கிட்டேன்'னு மூணையும் சேர்த்து வச்சிருந்தாலும் கிரயப் பத்திரத்துக்கு ஈடாகாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது.

அப்படின்னா பத்திரத்துக்கு முன்னாடி குடி போனவருக்குப் பாதுகாப்பே இல்லையா? இருக்குங்க. அதுதான் அதே சட்டத்தின் பிரிவு 53-ஏ. இதைக் கொஞ்சம் பொறுமையாப் பார்க்கணும்.

எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்கணும். விற்பவர் கையெழுத்து இருக்கணும். அந்த ஒப்பந்தத்தின்படிதான் வாங்குபவர் சுவாதீனம் எடுத்திருக்கணும், ஏற்கெனவே அங்கே இருந்தவர்னா ஒப்பந்தத்தை நிறைவேற்றும் விதமா ஏதாவது செஞ்சிருக்கணும். மிச்சப் பணத்தைக் கொடுக்கத் தயாரா இருக்கணும். இதெல்லாம் இருந்தா, பத்திரம் பதிவாகாவிட்டாலும், விற்பவர் வந்து 'வெளியே போ' என்று சொல்ல முடியாது. ஆனா இது ஒரு கேடயம்தான். உங்களை வெளியேத்த வந்தா தடுக்கலாம். இதைக் கையில் வச்சுக்கிட்டு 'நான்தான் ஓனர், எனக்கு உரிமை அறிவிச்சுக் கொடுங்க'ன்னு கோர்ட்டுக்குப் போக முடியாது.

இந்தக் கேடயத்துக்கு 2001-ல் ஒரு பெரிய மாற்றம் வந்துச்சு. அதுவரைக்கும் ஒப்பந்தம் பதிவாகாம இருந்தாலும் 53-ஏ காப்பாத்தும். 2001 செப்டம்பர் 24 முதல், சுவாதீனத்தோடு கூடிய ஒப்பந்தம் பதிவாகலைன்னா 53-ஏ பாதுகாப்பு கிடையாது. அதுக்கு மேல தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள எந்த அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செஞ்சே ஆகணும், சுவாதீனம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். 20 வருஷத்துக்கு முன்னாடி அப்பா காலத்துல நடந்ததைச் சொல்லி 'அப்பல்லாம் வெறும் பாண்டு பேப்பர்தான்'னு ஒரு பெரியவர் சொன்னா, அவர் பொய் சொல்லலைங்க. அவர் காலத்துச் சட்டம் அது.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியம்னு படற விஷயத்துக்கு வர்றேன். பதிவுக் கட்டணம். விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்யும்போது, சுவாதீனம் கொடுக்கலைன்னா கொடுத்த முன்பணத்தில் 1 சதவீதம். சுவாதீனம் கொடுத்தா மொத்த விலையில் 1 சதவீதம். நம்ம உதாரணத்துல அட்வான்ஸ் 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய், மொத்த விலை 40 லட்சத்துக்கு 40,000 ரூபாய். வித்தியாசம் 35,000. இதை மிச்சம் பிடிக்க, 'சுவாதீனம் ஒப்படைக்கப்படவில்லை'ன்னு ஒப்பந்தத்தில் எழுதிட்டு, ஆபீஸ் வாசல்லேயே சாவியைக் கொடுக்கற பழக்கம் இருக்கு. 35,000 ரூபாய் ஒரு தொழிலாளி குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை, எனக்கும் தெரியும். ஆனா பின்னாடி தகராறு வந்து 53-ஏ கேட்டுப் போனா, எதிர்த்தரப்பு வக்கீல் காட்டப் போறது நீங்க கையெழுத்துப் போட்ட அந்த வரியைத்தான். 'ஒப்பந்தப்படி சுவாதீனம் எடுத்தேன்'னு நீங்க சொல்வீங்க, 'கொடுக்கவே இல்லை'ன்னு உங்க பேப்பரே சொல்லும். குடி போறதா இருந்தா அந்தக் கட்டணத்தைக் கட்டிட்டுப் போங்க. கட்ட முடியலைன்னா குடி போகாதீங்க. இதுல நடு வழி பார்க்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

பதிவாகாத ஒப்பந்தம் அப்போ வெறும் காகிதமா? அதுவும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொன்னது: 2012 திருத்தத்துக்குப் பிறகும், 'ஒப்பந்தப்படி எனக்குக் கிரயம் செஞ்சு கொடுக்கணும்' என்று போடும் வழக்கில், பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக் காட்டலாம். அதாவது கிரயம் கேட்க அது உதவும், குடியிருப்பைக் காப்பாத்த உதவாது. கேட்க ஒரே மாதிரி இருந்தாலும், சாமான் சட்டியோட வீட்டுக்குள்ள இருக்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

விற்பவர் பக்கமும் கொஞ்சம் பேசணும். சாவியைக் கொடுத்த பிறகு மிச்சப் பணம் வரலைன்னா, 'என் வீடு, நான் பூட்டைப் போட்டுக்கறேன்'னு போக முடியாதுங்க. குறிப்பிட்ட தீர்வுகள் சட்டம் 1963, பிரிவு 6-ன்படி, சட்ட வழிமுறை இல்லாம பலவந்தமா வெளியேத்தப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு, வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆக நீங்களும் கோர்ட்டுக்குத்தான் போகணும், அது எத்தனை வருஷம் இழுக்கும்னு உங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் சொத்து வரி உங்க பேர்ல, கரண்ட் கனெக்‌ஷன் உங்க பேர்ல. குடி வந்தவர் முன் ரூம்ல ரெண்டு ஓவர்லாக் மெஷினைப் போட்டு வீட்டு இணைப்பிலேயே ஓட்டினார்னா, மின்வாரியத்திலிருந்து வர்ற நோட்டீஸில் இருக்கப் போறது உங்க பேர்தான். பதிவு செஞ்ச ஒப்பந்தத்தில் சுவாதீனம் கொடுத்திருந்தா, கிரயம் ஆகாமலே அந்த நாளை விற்ற நாளா எடுத்துக்கிட்டு மூலதன ஆதாய வரி கேட்கவும் வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. இதை ஆடிட்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டுக்கங்க.

சரி, கட்டாயம் முன்னாடியே குடி போகணும், மொத்த விலைக்குக் கட்டணமும் கட்ட முடியாது, என்னதான் பண்றதுன்னு கேட்பீங்க. ஒரு வழி இருக்கு. கிரயம் ஆகும் வரைக்கும் வாடகைக்காரரா இருங்க. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வமான வாடகை ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிவு செஞ்சுக்கலாம். விற்பனை ஒப்பந்தம் தனி, வாடகை ஒப்பந்தம் தனி. எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, கிரயம் நின்னு போனா எத்தனை நாளில் காலி செய்யணும், கட்டின வாடகை விலையில் கழியுமா கழியாதா, எல்லாத்தையும் எழுதுங்க. இதுல வாங்குபவருக்கு 53-ஏ கேடயம் கிடைக்காது, ஆனா 'நீ யார்?' என்ற கேள்விக்கு ரெண்டு பேர் கையிலும் ஒரே பதில் இருக்கும். ஒண்ணு சொல்லணும்: குடி வந்த கையோட டைல்ஸை மாத்தறது, மேல ஒரு ரூம் எடுக்கறது, இதெல்லாம் வேண்டாம். பத்திரம் வரட்டும்.

'அப்ரூவல் வந்ததும் பத்திரம் போட்டுக்கலாம், அதுவரைக்கும் இருங்க'ன்னு சொன்னா மட்டும் உடனே உஷாராயிடுங்க. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி வீட்டு மனையாப் பதிவாகாத, அங்கீகாரமும் இல்லாத மனைக்குப் பதிவு கிடைக்காது. அங்கே குடி போனீங்கன்னா அந்த இடைவெளி மூணு மாதத்தில் முடியறதா இருக்காது. அடுக்குமாடி வாங்கறவங்களுக்கு சட்டம் கொஞ்சம் கண்டிப்பாவே இருக்கு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாம கட்டுநர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சொன்ன தேதிக்கு வீட்டைக் கொடுக்கலைன்னா பணத்தை வட்டியோட திருப்பிக் கேட்கலாம்.

இதுவரைக்கும் குடி போகப் போறவரைப் பத்தியே பேசினேன். நீங்க பார்க்கிற வீட்டுல ஏற்கெனவே யாராவது குடி இருந்தா? வில்லங்கச் சான்றை இப்போ போன்லயே பதிவுத் துறையின் டிஎன்ரெஜினெட் தளத்தில் இலவசமாப் பார்க்கலாம். பதிவான ஒப்பந்தம், அடமானம், கிரயம் எல்லாம் அதில் வரும். ஆனா பதிவாகாத ஒப்பந்தம் வராது, உள்ளே யார் குடி இருக்காங்கன்னும் அது சொல்லாது. சட்டமோ, சொத்தில் நேரடியா குடியிருக்கிறவருக்கு ஏதாவது உரிமை இருந்தா அது வாங்குபவருக்குத் தெரிஞ்சதாகவே எடுத்துக்கும். 'எனக்குத் தெரியாதுங்க'ன்னு அப்புறம் சொல்ல முடியாது. அதனால புரோக்கரோட மட்டும் போய்ப் பார்த்துட்டு வராதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை தனியாப் போய், குடியிருக்கிற அக்காகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, "எத்தனை வருஷமா இருக்கீங்க, வாடகை யாருக்குக் கொடுக்கறீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. 'வாடகை இல்லீங்க, நாங்க போக்கியத்துக்கு இருக்கோம்'னு பதில் வந்தா, அந்தப் போக்கியப் பணத்தை யார் திருப்பிக் கொடுக்கறதுங்கறது உங்க விலைப் பேச்சுக்குள்ளேயே வந்தாகணும்.

நம்ம ஊர்ல லைன் வீடு வாங்கறவங்க இதைக் கூடுதலாக் கவனிக்கணும். 8 வீடு, 8 குடும்பம், பாதிப் பேர் வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை பார்க்கிறவங்க. கிரயம் ஆன பிறகும், ஓனர் மாறினது தெரியாம அவங்க பழைய ஓனர்கிட்ட நல்லெண்ணத்தில் வாடகை கொடுத்திருந்தா, அதே மாத வாடகையை நீங்க மறுபடி கேட்க முடியாது. பத்திரம் ஆன அன்னைக்கே ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்துல தகவல் கொடுங்க. கதவுல இந்தியிலயும் ஒரு தாள் ஒட்டினா தப்பில்லை. அட்வான்ஸ் தொகை யார்கிட்ட எவ்வளவு இருக்குன்னு பழைய ஓனரிடம் எழுதி வாங்கி, கிரயத் தொகையில் கழிச்சுக்கங்க.

பணம் எப்படிக் கொடுக்கறீங்கன்னும் பாருங்க. சனிக்கிழமை சம்பளம் ரொக்கமா வர்ற ஊர் இது, அட்வான்ஸும் ரொக்கமாப் போகுது. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலோ ரொக்கமா வாங்கக் கூடாது. வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதமா வரலாம். பெங்களூரு ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். கல்வி நிறுவனத்தின் சொத்து சம்பந்தமான வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இதுக்கும் நாம பேசற விஷயத்துக்கும் சேர்த்தே பதில் சொல்லுது. 75 லட்சம் ரொக்கமா அட்வான்ஸ் கொடுத்து வேறு சிலரிடம் ஒப்பந்தம் போட்டிருக்கோம்னு சொன்னவங்க, அந்த ஒப்பந்தத்தில் சம்பந்தமே இல்லாத, சொத்தைக் கையில் வைத்திருந்த நிறுவனத்தின் மேல் தடை கேட்டு வழக்குப் போட்டாங்க. வெறும் ஒப்பந்தத்தை வைத்து மூன்றாம் நபர் மேல் வழக்குப் போட முடியாது, உங்களுக்கு எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கன்னு நீதிமன்றம் சொன்னது. அதோட, 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் கொடுத்ததா வழக்கில் சொன்னா நீதிமன்றமும், பத்திரத்தில் எழுதினா சார் பதிவாளரும் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கணும்னும் உத்தரவு போட்டது.

கடைசியா, ஏற்கெனவே இப்படிக் குடி வந்துட்டவங்களுக்கு. பயப்பட வேண்டாம், முதல்ல ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பாருங்க. கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவு செய்யலாம். தவிர்க்க முடியாத காரணத்தால் தாண்டிட்டா, அடுத்த 4 மாதம் வரைக்கும் மாவட்டப் பதிவாளர் அனுமதியோட, அபராதம் கட்டிப் பதிவு செய்ய வழி இருக்கு. அதுவும் போயிருச்சுன்னா, உறவு நல்லா இருக்கும்போதே வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் புது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செஞ்சுக்கங்க. கிரயம் கேட்டு வழக்குப் போட 3 வருஷம்தான் கெடு. ஒப்பந்தத்தில் கிரயத்துக்குத் தேதி குறிச்சிருந்தா அந்தத் தேதியிலிருந்தும், இல்லைன்னா அவர் மறுத்தது உங்களுக்குத் தெரிஞ்ச நாளிலிருந்தும் எண்ணணும். 'அடுத்த தை, அடுத்த தை'ன்னு ஓடறது இந்த 3 வருஷத்துக்குள்ளதான். மிச்சப் பணத்துக்குத் தயாரா இருந்தீங்கன்னு காட்ட பேங்க் கடிதம், போட்ட வாட்ஸ்அப் செய்தி எல்லாத்தையும் அழிக்காம வச்சிருங்க.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையேன்னு தள்ளிப் போடறவங்க 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்க, அது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் வருடச் சட்டத்தின் அந்தப் பட்டியலில் தொழிலாளர்களும் இருக்காங்க. பனியன் கம்பெனி அடையாள அட்டை இருந்தா அதையும் ஒப்பந்த நகலோட எடுத்துட்டுப் போங்க.